கார்டு தேய்த்தால் யாருக்கு எவ்வளவு போகிறது? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழமாசி வீதி, விளக்குத்தூண், திருமங்கலம் பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் பில் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லாக் கடைக்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "வித்தது இவ்வளவு, வந்தது ஏன் குறையுது?" வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் இதையே மறுபக்கமாகக் கேட்கிறார்கள்: "கார்டுன்னு சொன்னதும் கூடுதலாக் கேட்டாங்களே, அது சரியா?" இரண்டு பக்கமும் கேட்டதை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கார்டு தேய்ச்சா கடைக்காரருக்கு முழுப் பணமும் போகாதா?

பெரும்பாலும் போகாது. நீங்கள் 1,000 ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் உங்கள் கணக்கில் 1,000 கழியும். கடைக்காரர் கணக்குக்கு மறுநாள் வரும்போது அதில் கொஞ்சம் குறைந்திருக்கும். குறைகிற அந்தத் தொகைக்கு வங்கியில் எம்.டி.ஆர். என்று பெயர். கடைகளில் பொதுவாகக் கமிஷன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

வாடிக்கையாளருக்கு இது தெரியாமல் போகக் காரணம், அவர் கையில் இருக்கும் சீட்டில் முழுத்தொகைதான் இருக்கும். கழிவு கடைக்காரருக்கு வரும் செட்டில்மென்ட் கணக்கில் மட்டும்தான் தெரியும்.

அந்தக் காசு யாருக்குப் போகுது? மெஷின் குடுத்த பேங்குக்கா?

மூன்று பேருக்குப் பிரிகிறது. பெரிய பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. இன்னொரு பங்கு ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கு. மீதிதான் கடையில் மெஷின் வைத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ. அதனால் மெஷின் கொடுத்தவரிடம் பேரம் பேசினால் அவர் பங்கு அளவுக்குத்தான் இறங்கி வர முடியும். மெஷினுக்கு மாத வாடகை தனி.

டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஒரே கமிஷனா?

இல்லை. பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2018 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ள கடைக்கு மெஷினில் தேய்த்தால் அதிகபட்சம் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பில்லுக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் விற்கும் கடைக்கு 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு 1,000 ரூபாய் வரை. அப்புறம், 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்குக் கமிஷனே கிடையாது.

கிரெடிட் கார்டுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. வங்கியும் கடையும் பேசிக்கொள்வதுதான். பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கார்டின் வகையைப் பொறுத்து கூடக் குறைய வரும்.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டு. 2,000 ரூபாய் வரையிலான கார்டு பில்லுக்கு வங்கி எடுக்கும் கமிஷனுக்கு வரி இல்லை. 2,000-ஐத் தாண்டினால் கமிஷன் தொகையின் மேல் 18 சதவீதம் வரி. பில் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. 10,000 ரூபாய் கிரெடிட் கார்டு பில்லில் 2 சதவீதம் என்றால் கமிஷன் 200, அதன் மேல் வரி 36. கடைக்கு வருவது 9,764.

அப்ப ஜிபே மட்டும் எப்படிச் சும்மா கிடைக்குது?

கடைக்காரருக்குச் சும்மா. நடத்துவதற்குச் செலவு இருக்கத்தான் செய்கிறது. 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் பணத்துக்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று அரசு வைத்துவிட்டது. செலவை வங்கிகளும் செயலி நிறுவனங்களும் தாங்குகின்றன. அவற்றுக்கு ஈடாக மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25-க்கு 2,000 ரூபாய் வரையிலான சின்ன யூபிஐ விற்பனைகளுக்காக 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதாவது டீக்கடையில் ஸ்கேன் பண்ணும் 15 ரூபாய்க்கான செலவில் ஒரு பகுதி நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாட்டுத்தாவணியில் தள்ளுவண்டி போட்டிருப்பவர் ஒரு பைசா கழிவில்லாமல் பணம் வாங்க முடிகிறது என்றால், அது நல்ல செலவு.

ரெண்டு பர்சன்ட் தானே, அதுக்கு ஏன் மளிகைக்கடை அண்ணாச்சி மூஞ்சியைச் சுளிக்கிறாரு?

உங்களுக்கு அது பில்லில் 2 சதவீதம். அவருக்கு அது லாபத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

கல்யாண வீட்டுச் சமையலுக்கு 10,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். இந்தச் சரக்குகளில் கடைக்காரருக்குக் கிடைப்பது குறைவு. 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 500 ரூபாய். மேலே போட்ட கணக்குப்படி கிரெடிட் கார்டு தேய்த்தால் அதில் 236 போய்விடும். கிட்டத்தட்டப் பாதி. மிச்சமிருக்கும் 264 ரூபாயில் கடை வாடகை, கரண்ட் பில், மூட்டை தூக்கும் பையனின் சம்பளம் எல்லாம் இருக்கிறது. அதே 10,000 ரூபாயை நீங்கள் ரூபே டெபிட் கார்டில் கொடுத்தால் 500-ம் அவரிடமே நிற்கும்.

ஃபேன்சி ஸ்டோரிலோ சுங்குடிச் சேலைக் கடையிலோ லாபம் 20, 25 சதவீதம் இருந்தால் அவர் 2 சதவீதத்தைப் பெரிதாக நினைக்க மாட்டார். அதனால்தான் ஒரே தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே மெஷினை நீட்டுகிறார், இன்னொருவர் "ரொக்கமா இருக்கா?" என்று கேட்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். மாதாமாதம் அவர்கள் கணக்கைப் பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துக் குடுங்க"ன்னு நகைக்கடையில கேட்டாங்க. குடுக்கணுமா?

டெபிட் கார்டு என்றால் கொடுக்க வேண்டியதில்லை. கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கடைகள் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்வது மெஷின் கொடுத்த வங்கியின் பொறுப்பு. கிரெடிட் கார்டிலும் கடைக்காரர் வங்கியோடு போட்ட ஒப்பந்தம் பொதுவாக இதை அனுமதிப்பதில்லை.

ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பதையும் பாருங்கள். தெற்காவணி மூல வீதியில் 3 லட்சம் ரூபாய்க்கு ஆரம் எடுத்துக் கிரெடிட் கார்டு கொடுத்தால் 2 சதவீதக் கமிஷன் 6,000, வரியோடு 7,080. தங்கத்தின் விலையில் அவர் கை வைக்க முடியாது. இது செய்கூலி, சேதாரத்திலிருந்துதான் போக வேண்டும். அதே ஆரத்துக்கு விசா டெபிட் கார்டு என்றால் கணக்குப்படி 2,700 வரும், ஆனால் 1,000 ரூபாய் வரம்பு இருப்பதால் வரியோடு 1,180-க்கு மேல் போகாது.

ரொக்கமாகக் கொடுக்கலாமே என்றால், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டப்படி தடை. கடைக்காரர்தான் அபராதம் கட்ட வேண்டிவரும். நான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் வழி இதுதான்: வீட்டிலிருந்தே நெஃப்ட் செய்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்ப 2020-லிருந்து கட்டணம் இல்லை, கடைக்கும் கமிஷன் போகாது. அதைச் சொல்லிச் சேதாரத்தில் குறைத்துக் கேளுங்கள். "கார்டுக்குக் கூடுதல்" என்பது தகராறில் முடியும். "கார்டு இல்லைன்னா எவ்வளவு குறைப்பீங்க?" என்பது பேரம், அது இரண்டு பேருக்கும் நல்லது.

பில்லைவிடக் கூடுதலா எடுத்துட்டாங்க. யார்கிட்டப் போய்ச் சொல்றது?

தேய்த்த சீட்டை வைத்திருங்கள், அதில் மெஷின் எந்த வங்கியுடையது என்று இருக்கும். கடையின் பில்லையும் அந்தச் சீட்டையும் சேர்த்து அந்த வங்கிக்கும், உங்கள் கார்டு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் விசாரிப்பது வங்கியை, கடையை அல்ல. அதனால் புகாரில் "வங்கி தன் மெஷினைக் கண்காணிக்கவில்லை" என்று எழுதுங்கள்.

பெட்ரோல் பங்க்ல மட்டும் ஸ்டேட்மென்ட்ல தனியா ஒரு பர்சன்ட் விழுதே, அது என்ன?

பெட்ரோலின் விலையை டீலர் முடிவு செய்வதில்லை, லிட்டருக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் வருகிறது. அதிலிருந்து கார்டுக் கமிஷனை எடுக்கச் சொன்னால் அவரால் முடியாது. 2017 ஜனவரியில் வங்கிகள் 1 சதவீதம் பிடிக்கப் போகின்றன என்று செய்தி வந்ததும் டீலர்கள் கார்டே வாங்க மாட்டோம் என்று அறிவித்து, பிறகு அதைத் தள்ளிவைத்தார்கள்.

கிரெடிட் கார்டில் பெட்ரோலுக்கு விழுவது பொதுவாக 1 சதவீதச் சர்சார்ஜ். பல கார்டுகள் குறிப்பிட்ட தொகைகளுக்கு இதைத் திருப்பித் தரும், ஆனால் அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி. திரும்ப வராது. 1,000 ரூபாய்க்கு 10 ரூபாய் திரும்பி வந்து 1 ரூபாய் 80 பைசா மட்டும் நிற்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இருநூறு ரூபாய்க்குக் கீழே கார்டு வாங்க மாட்டோம்னு எழுதிப் போட்டிருக்காங்க. ஏன்?

கமிஷன் சதவீதக் கணக்கு என்பதால் சின்ன பில்லுக்குக் கழிவும் சின்னதுதான். 100 ரூபாய்க்கு 2 ரூபாய். பெரும்பாலும் அது கூட்ட நேரத்துப் பிரச்சினை: மெஷின் சிக்னல் தேடும் நேரத்தில் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் டவுன் ஹால் ரோட்டில் பார்த்தால் புரியும்.

நான் எப்பவும் ரொக்கமாத்தான் குடுக்கிறேன். இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்டவர் எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா. சம்பந்தம் இருக்கிறது. என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

கடைக்காரர் ஒரு மாதத்தில் கார்டுக் கமிஷனாக 6,000 ரூபாய் இழந்தால் அதை எங்கே சரிக்கட்டுவார்? கார்டு கொடுப்பவருக்கு ஒரு விலை, ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு விலை என்று அவர் ஒட்டுவதில்லை. எல்லாப் பொருளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுவார், அல்லது தெரிந்தவருக்கு விடும் அஞ்சு ரூபாய் தள்ளுபடியை நிறுத்திவிடுவார். அந்த விலையை ரொக்கம் கொடுக்கும் அக்காவும் கொடுக்கிறார்.

மறுபக்கம், கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்குப் புள்ளிகள், கேஷ்பேக், விமான நிலையத்தில் சும்மா சாப்பாடு எல்லாம் கிடைக்கின்றன. அந்தச் செலவுக்கான பணத்தில் ஒரு பகுதி, இரண்டாவது கேள்வியில் சொன்ன கார்டு வங்கியின் பெரிய பங்கிலிருந்து வருகிறது. ஆக, கிரெடிட் கார்டு கிடைக்காத பூக்கட்டும் அக்கா கொடுக்கும் பருப்பு விலையில், மாதச் சம்பளக்காரரின் கேஷ்பேக்குக்கும் ஒரு சின்னத் துளி இருக்கிறது. துளி சின்னதுதான். ஆனால் அது போகிற திசை தப்பு, இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குப் போகிறது. ரூபே டெபிட்டும் யூபிஐயும் எனக்குப் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

ரொக்கத்துக்குச் செலவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். சில்லறை தேட வேண்டும், எண்ண வேண்டும், வங்கியில் வரிசையில் நின்று கட்ட வேண்டும். கரண்ட் அக்கவுண்டில் அளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் அதற்கும் வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன.

எங்க கடை சின்னது. ஆனா டெபிட் கார்டுக்கே நிறையப் பிடிக்கிற மாதிரி இருக்கு. எப்படிப் பார்க்கிறது?

இது என் அக்கா வீட்டிலேயே நடந்தது. திருப்பரங்குன்றத்தில் சின்னப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், விற்பனை 20 லட்சத்துக்கு ரொம்பக் கீழே. ஒரு நாள் செட்டில்மென்ட் தாளை வாங்கி 1,500 ரூபாய் டெபிட் பில் ஒன்றைப் பார்த்தேன். 6 ரூபாய் கழிந்திருக்க வேண்டிய இடத்தில் 13 ரூபாய் 50 பைசா கழிந்திருந்தது. மெஷின் வைக்கும்போது படிவத்தில் விற்பனை அளவு என்ற கட்டத்தை வந்தவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பி, கடையைப் பெரிய கடை வகையில் போட்டுவிட்டார். மூன்று வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததும் விகிதத்தை மாற்றினார்கள், ஆனால் கழிந்த பழைய பணம் வரவில்லை. அக்கா அதைப் பற்றி இன்னும் பேசுவார்.

நீங்களும் அப்படியே பாருங்கள். ஒரு டெபிட் பில்லை எடுத்துக் கழிவைத் தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 5,500 ரூபாய்க்குள் விற்கும் கடை என்றால் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம்தான். அப்படிப்பட்ட கடைக்கு 0.40-க்கு மேல் பிடித்திருந்தால் அன்றைக்கே வங்கிக்கு எழுதுங்கள். ரூபே டெபிட்டுக்குப் பிடித்திருந்தால் கடை பெரிதோ சிறிதோ, கேளுங்கள்.

மெஷினே இல்லை, கியூஆர் மட்டும்தான் வச்சிருக்கேன். அதுலயும் சில நாள் காசு குறையுதே?

நாலாவது கேள்வியில் "வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் பணத்துக்கு" என்று எழுதியது இதற்காகத்தான். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ செயலியில் இணைத்து அதே கியூஆரை ஸ்கேன் பண்ணலாம். சின்னக் கடைகளில் 2,000 ரூபாய் வரை இதற்குக் கமிஷன் இல்லை, அதற்கு மேல் போனால் கிரெடிட் கார்டு போலவே கமிஷன் உண்டு. இன்னொன்று வாலட். 2023 ஏப்ரலிலிருந்து வாலட்டில் ஏற்றிய பணத்தை 2,000-க்கு மேல் யூபிஐயில் கொடுத்தால் கடை வகையைப் பொறுத்து 1.1 சதவீதம் வரை கட்டணம் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அது இல்லை, கடைப் பக்கம்தான் வரும்.

சவுண்ட் பாக்ஸ் "பணம் பெறப்பட்டது" என்று சொல்லும்போது இது எதுவும் சொல்லாது. செயலியில் அன்றைய வரவுகளைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை பிடிக்கிறார்களா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

பேங்க் வழியா வந்தா ஜி.எஸ்.டி.காரங்க வந்துருவாங்களாமே. அதுக்குப் பேசாம ரொக்கமே வாங்கிட்டுப் போயிரலாமா?

2025 ஜூலையில் பெங்களூருவில் சின்னக் கடைக்காரர்களுக்கு யூபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போனது. அங்கே பலர் கியூஆரைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பயம் இங்கேயும் வந்தது, அந்த வாரம் எனக்கு நிறைய போன்.

சரி, விஷயம் என்ன? பொருள் விற்கும் கடைக்கு வருஷத்துக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் விற்பனை தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாக வந்தாலும் அது விற்பனைதான், கியூஆரை எடுத்துவிட்டால் வரம்பு உயராது. பச்சைக் காய்கறி மட்டும் விற்பவருக்கு வரியே இல்லை. சொந்தச் செலவு, தம்பி அனுப்பிய பணம், கைமாற்று எல்லாம் கடைக் கியூஆருக்கே வந்தால்தான் சிக்கல், எது விற்பனை எது கடன் என்று பிறகு நிரூபிக்க வேண்டிவரும். கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

வங்கி வழியாக வருவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. வருமான வரியில், கணக்குப் புத்தகம் வைக்காமல் உத்தேச வருமானம் காட்டும் சின்ன வியாபாரிகளுக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று கணக்கு, வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம்தான். 1 கோடியே 80 லட்சம் விற்பனை முழுவதும் ரொக்கம் என்றால் 14.4 லட்சம் வருமானம். முழுவதும் வங்கி வழி என்றால் 10.8 லட்சம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், முதலாமவருக்கு ஏறக்குறைய 1 லட்சம் வரி, இரண்டாமவருக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடைக்கு இது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

"கார்டைத் தேய்ச்சுக்கிட்டு ரொக்கமாக் குடுங்க, மூணு பர்சன்ட் வச்சுக்கங்க"ன்னு தெரிஞ்சவரே கேக்குறாரு. செய்யலாமா?

செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, ஸ்கூல் ஃபீஸ் என்று உண்மையான கஷ்டத்தில்தான் வருவார்கள், மறுப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனால் விற்காத பொருளுக்கு மெஷினில் தேய்ப்பது ஒப்பந்த மீறல், வங்கிக்குத் தெரிந்தால் மெஷின் போய்விடும். அந்தத் தொகை உங்கள் விற்பனையாகக் கணக்கில் ஏறும், பொருள் போன பில் இருக்காது. கார்டு திருட்டுக் கார்டாக இருந்து உரியவர் புகார் கொடுத்தால் வங்கி பணத்தை உங்களிடமிருந்தே திரும்ப எடுக்கும், ரொக்கமோ போய்விட்டிருக்கும்.

கேட்பவருக்கும் நல்லதில்லை. 3 சதவீதம் உங்களுக்குக் கொடுத்த பிறகு, கார்டு பில்லைக் கட்ட முடியாமல் போனால் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் எவ்வளவோ மேல் என்று அவரிடம் சொல்லுங்கள்.

திருமங்கலத்துல ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கேன். கியூஆர் போதுமா, மெஷினும் வாங்கணுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1 லட்சம் ரூபாய் கார்டில் வரும் என்று வையுங்கள், எல்லாம் 2,000-க்குக் கீழே உள்ள பில்கள். அதில் 60,000 ரூபே அல்லாத டெபிட், 0.40 சதவீதத்தில் 240 ரூபாய். 40,000 கிரெடிட், 2 சதவீதத்தில் 800. மெஷின் வாடகை 300 என்று போடுங்கள். மொத்தம் 1,340. உங்கள் லாபம் 20 சதவீதம் என்றால், மெஷின் இருப்பதால் மட்டும் கூடுதலாக 6,700 ரூபாய் விற்றால் செலவு சரியாகிவிடும். வளையல், பொட்டு வாங்க வந்த பிள்ளைகள் கிரெடிட் கார்டு இருக்கிறதே என்று இன்னொரு ஹேண்ட்பேக் எடுத்தால் அது வந்துவிடும். இதே கணக்கு 5 சதவீத லாபம் உள்ள மளிகைக் கடைக்கு 26,800 ரூபாய் கூடுதல் விற்பனை கேட்கும், அது அவ்வளவு சுலபமாக வராது.

முதலில் ஒரு மாதம், "கார்டு வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிப் போனவர்களை ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், எவ்வளவுக்கு எடுத்து வைத்திருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஜிபேயில் கொடுத்துவிட்டுப் போனவர்களைச் சேர்க்காதீர்கள். அந்த நோட்டில் 6,700 தாண்டினால் மெஷின் வாங்குங்கள்.